கூடலூர் நர்ஸ் பிறந்த கதை

நீலகிரி என்றதும் நினைப்பு ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஓடும். இந்தக் கதை நடந்தது மேற்குச் சரிவில், கூடலூரில். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என ஆதிவாசிகள் வாழும் பகுதி.

ஸ்டான் தெக்கேக்கராவும் மாரியும் அங்கே தொடங்கிய 'அக்கார்ட்' அமைப்புக்கு 1987-ல் டாக்டர் தேவதாசனும் டாக்டர் ரூபாவும் வந்து சேர்ந்தார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை என்று ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தந்த ஊர் ஆட்களையே சுகாதாரப் பணிக்குப் பழக்கினார்கள். ஆனால் நோய் முற்றினால் எங்கே அனுப்புவது? வெளி ஆஸ்பத்திரி என்றாலே ஆதிவாசிகளுக்குப் பயம். 1990-ல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பிறந்தது. அறுவை சிகிச்சைக்கு நந்தகுமார் மேனன், பிரசவத்துக்கு ஷைலா தேவி. நர்ஸ்கள்? ஆதிவாசிப் பெண்களே. பலருக்குப் பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான்; மருத்துவமனையிலேயே வேலை பழகினார்கள்.

இங்கேதான் எனக்கு வியப்பு. மாணவர்களை எப்படி ஈர்ப்பது என்று கருத்தரங்கு போட்டு, அதிலேயே கொட்டாவி விடுகிறோம். அங்கே வார்டுதான் வகுப்பறை. பிரஷர் பார்ப்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்றுத்தர முடியுமா? கையில் சுற்றிய பட்டையிலிருந்து காற்றை மெல்ல இறக்கி, சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே ஓய்கிறது என்று சொந்தக் காதால் பிடிக்க வேண்டும்.

இதே யோசனை மெக்சிகோ மலைக் கிராமம் ஒன்றிலும் ஓடியிருக்கிறது. அங்கே பணியாற்றிய டேவிட் வெர்னரும் பில் பவரும் 1982-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு சுரைக்குடுக்கைக் குழந்தை வரும். குடுக்கையின் தலையில் ஓட்டை, அதன்மேல் ஈரத்துணி; அதுதான் உச்சிக்குழி. தண்ணீரை நிரப்பி, அடியில் அடைப்பைப் பிடுங்கினால் 'பேதி'. தண்ணீர் இறங்க இறங்க, கண் துளையில் கசியும் கண்ணீர் நிற்கும், துணி உள்வாங்கும். பார்த்த பிள்ளைகளுக்கு நீரிழப்பு என்ற சொல்லே தேவைப்படாது.

கூடலூரின் சுரைக்குடுக்கை ரத்தத்திலேயே இருந்தது. இந்தியாவில், பரம்பரையாக வரும் அரிவாள் செல் நோய்க்கூறு முதலில் தெரியவந்தது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். லெஹ்மனும் கட்புஷும் அதை 1952-ல் வெளியிட்டார்கள். பின்னாளில் இந்த மருத்துவமனை அந்த நோய்க்கென்றே பரிசோதனை, சிகிச்சை, ஆலோசனை என இறங்கியது. மைக்ராஸ்கோப்பில் வளைந்து கிடக்கும் ரத்த அணுவைப் பார்க்கும் பெண்ணுக்கு அரிவாளைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. அடுத்த கேள்வி அவளிடமிருந்தே வரும்: "இது என் தம்பிக்கும் இருக்குமா?"