இதயத் தமனி நோயாளர் செவிலியம்: திருப்பூர் பின்னலாடை வட்டாரம்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிந்து பாதை குறுகுவதே இதயத் தமனி நோய். குறுகிய தமனி, உழைக்கும்போது நெஞ்சுவலி தரும். படிவு வெடித்து அங்கே இரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு. இந்நோயாளிகளுக்கான செவிலியம் என்றதும் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் எவருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பனியன் தொழிலை நம்பி வாழும் திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் இப்பணியின் கனமான பகுதி நோயாளி வீடு திரும்பிய பிறகே தொடங்குகிறது. அவருடைய ஷிப்டையும் கூலியையும் கேட்டறியாத செவிலியம் அங்கே பாதியில் நின்றுவிடும்.

மருத்துவமனைக்குள் நடப்பது சிறிய வேலை என்று இதற்குப் பொருளல்ல. நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பது பெரும்பாலும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது. உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் அலகு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஏறும்போது இரத்த அழுத்தம் சரியலாம், ஒவ்வாமை வரலாம், ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் தெரியலாம்; பக்கத்தில் நின்று பார்ப்பவர் அவரே. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தால் விரல்களின் நிறம், சூடு, நாடி ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். கட்டிங் மாஸ்டருக்கும் டெய்லருக்கும் அந்தக் கைதான் பிழைப்பு என்பதால் இச்சோதனையில் அசட்டை கூடாது. எனினும் நோயாளி வந்து சேர்வதே தாமதம். 2008-இல் வெளியான ‘கிரியேட்’ என்னும் இதயத் தமனி நோயாளர் பதிவேடு இந்தியா முழுவதும் 20,468 பேரை ஆராய்ந்தது. அவர்களில் பாதிப்பேர் அறிகுறி தொடங்கி ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்தே மருத்துவமனை சேர்ந்தனர். நெஞ்சை அழுத்தும் வலியை ‘கேஸ்’, ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லி, சோடா குடித்துப் பார்த்து, ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இங்கே உயிரைக் குடிக்கிறது. பெண்களுக்கு வலியைவிட மூச்சிரைப்பும் சோர்வும் முன்னால் நிற்கலாம் என்பதால் அவர்கள் இன்னும் பிந்துகிறார்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருவோருக்கு ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு பனியன் கம்பெனிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய மருத்துவமனைகளையும் சிறிய மருத்துவமனைகளையும் 108 ஆம்புலன்சையும் ஒரே வலையில் கோத்துத் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட மாரடைப்புத் திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அது பெரிய வெற்றி. ஆனாலும் ஏறத்தாழ ஏழில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்தார் என்பதையும் அதே எண் சொல்கிறது. மீதமுள்ள இழப்பைக் குறைக்க ஆஞ்சியோ அறை மட்டும் போதாது. ஸ்டென்ட் வைத்தபின் பொதுவாக ஓராண்டுக்கு இரண்டு இரத்த உறைவெதிர்ப்பு மருந்துகள் விடாமல் உள்ளே போக வேண்டும், புகையிலை நிற்க வேண்டும், அழுத்தமும் சர்க்கரையும் அடங்க வேண்டும்.

இவை நடக்கும் இடம் தையல் மேசை. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று இவ்வூர் அழைப்பது பன்னிரண்டு மணி நேர வேலை. வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்தன. ஆகவே ‘ஓய்வெடுங்கள்’ என்ற பொத்தாம்பொது அறிவுரை பீஸ் ரேட்டில் வாழ்பவருக்கு உதவாது. அயர்னிங் மேசையில் நீராவியில் வியர்த்து நிற்பவருக்கு இரத்த அழுத்த மாத்திரையோடு நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டும் சேர்ந்தால் தலைசுற்றி விழலாம். நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைக்குமுன் இயந்திரத்தை நிறுத்தி உட்கார வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். ஓவர்லாக் ஊசி விரலில் ஏறுவது இத்தொழிலில் நடப்பதுதான்; குளோபிடோகிரல் சாப்பிடுபவருக்கு இரத்தம் நிற்க நேரமாகும், அழுத்திப் பிடித்தால் நிற்கும், அதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம் என்பதை முதல் நாளே விளக்க வேண்டும். துணி ரோலைத் தூக்குபவரைச் சிறிது காலத்துக்குச் செக்கிங் மேசைக்கு மாற்றச் சொல்லி எழுதித் தரலாம். மாத்திரை வேளையை டீ டைமோடு இணைத்தால் மறதி குறையும். எல்லாவற்றையும்விட, கூலி போய்விடும் என்ற அச்சமே பலரைச் சீக்கிரம் வேலைக்கு இழுக்கிறது. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பெற்றவருக்குச் சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு ஆண்டுக்கு 91 நாள்வரை 70 விழுக்காடு ஊதியம் நோய்ப்படியாக உண்டு. மாரடைப்புக்குப் பின் இதயத்தின் வெளியேற்றுத்திறன் 45 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், இரண்டாண்டு தொடர்பணி போன்ற தகுதியுடையோருக்கு 80 விழுக்காட்டில் நீட்டித்த படியும் உண்டு. இதை நோயாளியிடம் சொல்வதும் மருத்துவப் பராமரிப்பே.

செவிலியர் போதாத ஊரில் இதெல்லாம் ஆகுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் பட்டயச் செவிலியர் செய்யத் தேவையில்லை. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 806 நோயாளிகளிடம் நடந்து 2016-இல் வெளியான ‘ஸ்ப்ரெட்’ ஆய்வில், பயிற்சி பெற்ற சமுதாய சுகாதாரப் பணியாளர் பின்தொடர்ந்தபோது மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டோர் 97 விழுக்காடு, மற்றவர்களில் 92. ஐந்து விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடு சிறிது என்பர். ஆய்வில் சேர்ந்தோர் ஏற்கெனவே கவனமானவர்கள் என்பதால் வேறுபாடு சுருங்கியிருக்கலாம். புகையிலையை விட்டோரும் உடற்பயிற்சி செய்தோரும் பின்தொடரப்பட்ட குழுவில் கூடுதல். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு மாத்திரை கொண்டுசெல்கிறது. பகலில் கதவு பூட்டிக் கிடக்கும் திருப்பூரின் லைன் வீடுகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். ஒடிசா, பீகார் தொழிலாளர் ஊர் திரும்பிவிடுவார்களே என்பது இதைவிடக் கடினமான மறுப்பு. அவர்களை முழுமையாகப் பின்தொடர இயலாது. ஆனால் அவர்கள் மொழியில் மருந்துச் சீட்டும், ஒரு மாத மாத்திரையும், ஈசிஜி நகலும் கையில் கொடுத்தனுப்ப இயலும். 500-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் செவிலியருடன் முதலுதவி அறையைக் கட்டாயமாக்கியது. ஜாப் ஒர்க் நடக்கும் சிறு கூடங்கள் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. பல கூடங்கள் சேர்ந்து ஒரு செவிலியரை அமர்த்திக்கொள்வதே இதற்கு நடைமுறை வழி.

2022 முதல் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஊரின் மற்ற மருத்துவமனைகளின் சீட்டிலும் நோயாளி செய்யும் வேலை, ஷிப்ட் நேரம், இஎஸ்ஐ எண், எப்போது எந்த வேலைக்குத் திரும்பலாம் என்ற நான்கு விவரங்களைச் செவிலியர் எழுத இடம் ஒதுக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. இந்த வாரமே தொடங்கலாம்.