மீ சன் ஆலயங்களுக்குக் கையால் அறுத்த செங்கல்

சைவம் கடல் கடந்து வேரூன்றிய நாடுகளுள் சம்பாவும் ஒன்று. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில், மலைகள் சூழ்ந்த மீ சன் பள்ளத்தாக்கில், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்திரவர்மன் என்னும் சம்பா மன்னன் சிவபெருமானுக்கு ஆலயம் எடுத்தான். இறைவனுக்குத் தன் பெயரையே இணைத்துப் பத்திரேசுவரர் எனத் திருநாமம் சூட்டினான். மரத்தாலான அவ்வாலயம் தீக்கிரையாகவே, ஏழாம் நூற்றாண்டில் சம்புவர்மன் அதனைப் புதுப்பித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அங்குத் திருப்பணிகள் தொடர்ந்தன. அவ்வாலயங்கள் பெரும்பாலும் செங்கற்கோபுரங்களே.

சம்பாச் செங்கல் மெதுவாக வெந்தது, எடை குறைந்தது, நுண்துளைகள் மிக்கது. சுவரை எழுப்பிய பின்னரே அதன்மேல் சிற்பம் செதுக்கினர். இரு கற்களுக்கிடையே சாந்து இருப்பதே கண்ணுக்குப் புலப்படாது. எதனால் ஒட்டினர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். இத்தாலிய ஆய்வாளர்கள் அதில் மரப்பிசின் கலந்திருந்ததைக் கண்டனர். அப்பிசின் தரும் மரம், மலேசியாவில் கெருயிங் எனப்படும் இனத்தைச் சார்ந்தது.

1969ஆம் ஆண்டு அமெரிக்கக் குண்டுவீச்சில் ஏ1 என்னும் பெருங்கோபுரம் தரைமட்டமாயிற்று. போருக்குப் பின், போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமியெஷ் குவியத்கோவ்ஸ்கி அங்குப் பல்லாண்டு உழைத்தார். 1997இல் வியட்நாமிலேயே உயிர் நீத்தார்.

கடையில் கிடைக்கும் இயந்திரச் செங்கல் இப்பணிக்கு உதவாதோ எனச் சிலர் வினவலாம். உதவாது. அது இறுகியது, ஈரத்தை எளிதில் வெளிவிடாது. அந்த ஈரமும் உப்பும் அருகிலுள்ள பழங்கல்லில் புகுந்து அதனை அரித்துவிடும். சிமெண்டுப் பூச்சும் இத்தகைய தீங்கையே செய்யும். (நம் ஆலயத் திருப்பணிகளில் பழஞ்சுவர்மீது தயக்கமின்றிச் சிமெண்டு பூசுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) ஆகவே, 2013இல் நிறைவுற்ற ஜி தொகுதிச் சீரமைப்பிற்கு, அவ்வட்டாரக் கைவினைஞர்கள் மண்ணைப் பிசைந்து, கையால் அறுத்து, சூளையில் சுட்ட கற்களே பயன்பட்டன. இது எளிதில் கைவந்த கலையன்று. மீ சன் சீரமைப்புகளில் புதுக்கற்கள் சில இடங்களில் உப்புப் பூத்து வெளிறியதும் உண்டு.

புதுக்கல் பழையதற்கு இயைந்திருத்தல் வேண்டும். ஆனால் பழையதென ஏமாற்றலாகாது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்த நெறி இது. ஜி தொகுதியில் கருத்த பழஞ்சுவரிடையே செந்நிறப் புதுக்கற்கள் தெரியவே நிற்கின்றன.

இந்தியத் தொல்லியல் துறையினர் 2017 முதல் 2022 வரை கே, எச், ஏ தொகுதிகளைச் சீரமைத்தனர். 2020 மே மாதம், ஏ தொகுதியின் இடிபாடுகளினின்று ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது. அது ஒன்பதாம் நூற்றாண்டினது.