தாலியும் கிராண்டும்

கிள்ளானில் லாயர் அலுவலகக் கிராணியாகவே என் உத்தியோக காலம் ஓடிப்போனது. உயில் எழுத யார் வந்தாலும் எங்கள் லாயர் முதலில் கேட்பது கல்யாணம் எந்த வருசம், பதிவு உண்டா என்பதைத்தான். வீடு, நிலம், பேங்குக் கணக்கெல்லாம் அப்புறம். வந்தவருக்குச் சுருக்கென்றிருக்கும். "சொத்தை எழுத வந்தா தாலியப் பத்திக் கேக்குறீங்களே சார்" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஆனால் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் சொத்து கைமாறிய கதை, மனைவி யார் என்ற கேள்வியில்தான் ஓயாமல் போய் முட்டிக்கொள்கிறது.

காகித விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்றால் செட்டியார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே மூன்றாண்டுத் தவணைக்கு வந்த ஏஜெண்டு, கையில் ஒரு பவர் பத்திரம். ஊரில் முதலாளி கண்ணை மூடினால் பத்திரமும் அன்றோடு செத்தது. கடனுக்கு ஈடாக வந்த ரப்பர் நிலமும் கடைவீடும் அப்படியே நிற்கும். வாரிசு கோர்ட்டுக்குப் போய் நிர்வாக அதிகாரம் வாங்கவேண்டும், சாவு வரி கட்டவேண்டும். அந்த வரி மலேசியாவில் 1991 நவம்பரில்தான் ஒழிந்தது.

இலங்கையில் இதே வரியை எதிர்த்து அருணாசலம் செட்டியார் குடும்பம் லண்டன் வரை போனது. மகன் 1934இல் போய்ச் சேர்ந்தார், தகப்பனார் 1938இல். ஆண்வாரிசே மிஞ்சாத இடத்தில் கூட்டுக் குடும்பம் ஏது என்றது அரசுத் தரப்பு. விதவைகள் தத்தெடுக்க முடியும், ஆகவே குடும்பம் முறியவில்லை என்று 1957இல் பிரிவி கவுன்சில் முடிவு சொன்னது. அத்தனை பெரிய லேவாதேவிக் குடும்பத்தின் சொத்துக் கணக்கு கடைசியில் வீட்டுப் பெண்களை வைத்துத் தீர்ந்தது என்பதை நான் ரசித்துப் படித்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத்தார் வேறு ரகம். இலங்கையில் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி உயில் என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. அந்தப் பழக்கம் அவர்களோடு கப்பலேறி வந்தது. வந்த இடத்தில் சிக்கல் வேறு மாதிரி. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் ஒரு கணக்கு, பரம்பரையாக வந்த முதுசம் ஒரு கணக்கு. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த தேடிய தேட்டத்தில் பாதி துணைக்கு. டச்சுக்காரர்கள் 1707இல் எழுதிவைத்த அந்த வழமை யாழ்ப்பாணத்துக் காணிக்குச் செல்லும், கோலாலம்பூரில் வாங்கிய வீட்டுக்குச் செல்லாது. ஒரே மனிதருக்கு இரண்டு தேசத்தில் இரண்டு வாரிசுக் கணக்கு.

தோட்டத்து ஜனங்களுக்கு உயிலே தேவைப்படவில்லை. குடியிருந்த லயம் கம்பெனியுடையது, சொந்தம் என்றால் நாலு நகை, ஒரு மாடு. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபோது நிரப்பிய வாரிசு நியமன பாரம்தான் பாட்டாளித் தமிழன் எழுதிய முதல் உயில் என்பேன். கல்யாணத்துக்கு முன் அக்கா பெயரை எழுதிவிட்டு அதை மாற்றாமலே செத்தவர்கள் உண்டு. பணம் அக்காவுக்குப் போனது, பொண்டாட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். உயிலுக்கோ நேர் எதிரான விதி: 1959ஆம் ஆண்டு உயில் சட்டத்தில், பின்னால் செய்துகொள்ளும் கல்யாணம் முந்தைய உயிலை ரத்தாக்கிவிடும்.

பெரிய இடி 1982 மார்ச் 1. அன்று நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் முஸ்லிம் அல்லாதவருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியது, பதிவையும் கேட்டது. அதற்கு முன்பு கோயிலில் சம்பிரதாயப்படி கட்டிய தாலி போதும், பதிவானதாகவே கொள்ளப்படும். இரண்டு மனைவியானாலும் வழக்கம் அனுமதித்தால் மனைவிக்குரிய பங்கை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. அந்தத் தேதிக்குப் பின் இரண்டாவதாகத் தாலி ஏறியவளுக்கு உயிலில்லாச் சொத்தில் கேட்க வாயில்லை. மாலை, ஐயர், போட்டோ, ஊர் முழுக்கச் சாட்சி என்று எல்லாம் இருக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் அப்படித்தான் வந்தார். "என் மனைவிக்கு" என்று வரைவில் இருந்ததை லாயர் பேனாவால் அடித்தார். அந்த அம்மாளின் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் மட்டும் போடச் சொன்னார், உறவு வேண்டாமென்றார். அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், வீட்டில் அவளிடம் இந்தத் தாளைக் காட்டமாட்டேன் என்றார். காட்டாதீர்கள், பத்திரமாக வையுங்கள் என்றார் லாயர்.

சாட்சிக் கையெழுத்தும் லேசுப்பட்டதல்ல. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிரில் இருக்கவேண்டும். மருமகன்தானே என்று அவரைப் போடச்சொன்னால் மகளுக்கு எழுதிய பங்கு போய்விடும். அலுவலகத்தில் நானும் டைப்பிஸ்ட்டும் எத்தனை குடும்பத்துக்குச் சாட்சி நின்றோமோ, கணக்கில்லை.

உயில் எழுதாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். அதில் முன்பு ஓர் அநியாயம் இருந்தது: மனைவி செத்தால் அவள் சொத்து முழுக்கப் புருசனுக்கு, புருசன் செத்தால் பிள்ளைகளோடு சேர்ந்த மனைவிக்கு மூன்றில் ஒன்றுதான். பிள்ளைகள் இருந்தால் பெற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. 1997 ஆகஸ்ட் 31 முதல் கணக்கு மாறியது. பெற்றோர் உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. வயசான தாயைத் தெருவில் விடாத ஏற்பாடு, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பண்டமாரானிலோ காப்பாரிலோ உள்ள ஒரு சின்ன தரை வீட்டை எப்படிக் கால்கால் ஆக்குவது? இப்போது நிலப்பட்டா அலுவலகத்தில், நாம் கிராண்டு என்று சொல்லும் அந்தத் தாளில், மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக ஏறுகின்றன. விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். இரண்டு பேரும் பேசிப் பல வருசமாகியிருக்கும்.