'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது': ஒரு வாசகத்தின் வரலாறு

திருச்சி புத்தூர் நால்ரோட்டிலும் அதைச் சூழ்ந்த கடைத்தெருக்களிலும் பொருள் வாங்கப் போகிறவர்கள் ஒரு வாசகத்தை அறிவார்கள். சில கடைகளில் அது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பலகையாகத் தொங்கும். சில கடைகளில் ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.' கல்யாணச் சீருக்கு வாங்கிய மிக்ஸி மூன்றாம் நாளே நின்று போனாலும், பெருநாளுக்கு எடுத்த துணி முதல் சலவையில் சாயம் விட்டாலும், கடைக்காரரின் விரல் அந்த வாசகத்தை நோக்கியே நீள்கிறது. அது அவருடைய உரிமை என்று எண்ணி நாமும் திரும்பி விடுகிறோம்.

அது உண்மையில் அவருடைய உரிமைதானா? நம் சமுதாயத்தில் வாங்குவோரைப் போலவே விற்போரும் நிறைந்திருப்பதால், இந்தக் கேள்வி நமக்கு இரு பக்கமும் கூர்மையுடையது. ஒரு பக்கம் வீட்டின் பணம். மறு பக்கம் கடையின் வருமானம் ஹலாலானதா என்னும் கவலை.

முதலில் ஒன்றைப் பிரித்துக் கொள்வோம். வாங்கிய நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது என்று பொருளைத் திருப்புவது ஒன்று; பொருளே பழுது என்று திருப்புவது வேறொன்று. முதலாவதை மார்க்கச் சட்டம் 'இகாலா' என்கிறது. அதை ஏற்பது விற்றவரின் பெருந்தன்மை. ஏற்பவரின் பிழையை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நன்மாராயம் உண்டே தவிர, கட்டாயமில்லை. இரண்டாவது 'கியாருல் ஐப்', குறையின் காரணமாகப் பிறக்கும் தேர்வுரிமை. நம் வீடுகளில் இன்றும் வழங்கும் 'ஐபு' என்ற சொல்தான் அது. விற்பதற்கு முன்பே பொருளில் குறை இருந்து, வாங்கியவர் அதை அறியாதிருந்தால், வைத்துக்கொள்வதோ திருப்பிக் கொடுத்து விலையைப் பெறுவதோ அவர் விருப்பம். இதற்கு எழுதித் தந்த உத்தரவாதம் வேண்டியதில்லை. கடைப் பலகையின் தந்திரம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து, உரிமையையும் தயவாக ஆக்கிவிடுவதில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இச்செய்தியை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் பலகையின் கேள்விக்கு நேரான விடை, அடுத்த தலைமுறையில் நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா' அதைப் பதிவு செய்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். (மனிதரை விற்ற காலம் அது, வழக்கின் சட்டக் கூறையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.) எந்தக் குறைக்கும் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடுதான் விற்றார்கள். பின்னர், நோய் இருந்தது, எனக்குச் சொல்லப்படவில்லை என்று வாங்கியவர் முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. நிபந்தனை போட்டுவிட்டார், முடிந்தது என்று கலீஃபா தீர்ப்பளிக்கவில்லை. விற்றபோது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு இப்னு உமர் அவர்களைப் பணித்தார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். நோய் குணமான பின் 1500 திர்ஹத்துக்கு விற்றார்கள் என்ற சிறு குறிப்போடு அச்செய்தி முடிகிறது. சட்டத் துறையினருக்கு இவ்வளவு பொருத்தமான முன்தீர்ப்பு எளிதில் கிடைக்காது. தெரிந்த குறையை நிபந்தனை மூடாது என்பதே அதன் சாரம்.

இதில் மத்ஹபுகள் கருத்து வேறுபடுகின்றன என்பதையும் மறைக்கலாகாது. கடற்கரை மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், விற்பவர் அறியாத, கால்நடையின் உள்ளே மறைந்திருக்கும் குறைக்கு மட்டுமே அத்தகைய நிபந்தனை செல்லும். திருச்சி வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் சார்ந்துள்ள ஹனஃபி மத்ஹபோ, எல்லாக் குறைகளுக்கும் பொறுப்புத் துறந்து விற்பதை அனுமதிக்கிறது. 'அப்படியானால் பலகை செல்லும்' என்று ஒரு வணிகர் மகிழக்கூடும். அவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். நிபந்தனை விற்பனை நடக்கும்போதே இருவரும் அறியச் சொல்லப்பட வேண்டும். ரசீதோ பணம் கொடுத்த பின்னரே கைக்கு வருகிறது. அடுத்தது, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே கூஃபாவில் பட்டுத் துணி வணிகராக இருந்தவர்கள். அவர்களுடைய பங்காளி, குறையுள்ள ஒரு துணியைக் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சட்டம் விட்டுக்கொடுத்த இடத்திலும் அவர்கள் நின்றது அங்கேதான்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம்; அந்தப் பலகை கப்பலேறி வந்தது அங்கிருந்துதான். 1603 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு வழக்கு நடந்தது. பொற்கொல்லர் ஒருவர், நஞ்சை முறிக்கும் 'பெசோவர்' கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். அது பெசோவர் அன்று. ஆனாலும் வாங்கியவர் தோற்றார். விற்றவர் 'இது பெசோவர்' என்று சொன்னாரே தவிர, 'உத்தரவாதம் தருகிறேன்' என்று சொல்லவில்லையாம். வாங்குபவனே விழித்திருக்கட்டும் என்ற கொள்கை அத்தகைய தீர்ப்புகளில் வேரூன்றியது.

நத்தர்வலி தர்காவில் அடங்கியிருக்கும் நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் காலத்துக்குப் பின், 1801 இல் திருச்சி உள்ளிட்ட கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் மட்டும் முஸ்லிம்களுக்கு மார்க்கச் சட்டம் எஞ்சியது. 1864 இல் நீதிமன்றங்களில் இருந்த முஸ்லிம் சட்ட அலுவலர் பதவிகளும் நீக்கப்பட்டன. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வணிகத்தை முழுமையாகத் தன்கீழ்க் கொண்டது. அதன் 116 ஆம் பிரிவு, ஏமாற்றும் வெளிப்படையான உத்தரவாதமும் இல்லாதபோது, சொன்ன விவரத்துக்குப் பொருந்தும் பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல என்றது. அதே ஆண்டுகளில், 1869 முதல் 1876 வரை, உஸ்மானியப் பேரரசு ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து 'மஜல்லா'வை வெளியிட்டுக்கொண்டிருந்தது. நிபந்தனையற்ற விற்பனை என்றாலே பொருள் குறையற்றதாக இருக்க வேண்டும் என்றது மஜல்லா. ஒரே காலத்தில், இஸ்தான்புல்லில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கக்கூடிய குதிரையைத் திருச்சியில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முடியாத நிலை.

1930 இன் சரக்கு விற்பனைச் சட்டம் ஓரளவு நிலைமையைச் சீராக்கியது. விவரம் சொல்லி வணிகரிடம் வாங்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்றது 16 ஆம் பிரிவு. ஆனால் 62 ஆம் பிரிவு, இருவரும் ஒப்புக்கொண்டால் இத்தகைய பொறுப்பை விலக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. ரசீதின் அடியில் அந்த வாசகத்துக்கு இடம் கிடைத்தது அந்தக் கதவின் வழியாகத்தான் என்பது நம் கருத்து. தவிர, ஒரு மிக்ஸிக்காக உரிமையியல் நீதிமன்றம் ஏறி வக்கீல் வைக்க யாரால் முடியும்?

அந்தத் தடையை உடைத்தது 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்டந்தோறும் தனி மன்றம் அமைத்து, குறையை நீக்கவும், புதிய பொருள் தரவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் ஆணையிடும் அதிகாரத்தை அது அளித்தது. 1999 இல் மத்திய அரசு, அந்த வாசகத்தை ரசீதில் அச்சிடுவது சரியல்ல என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிட்டது. பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. மனம் மாறியதற்காகத் திருப்புவதைப் பற்றி இந்தப் பிரிவு பேசவில்லை. இகாலாவும் கியாருல் ஐபும் அறியாத சட்டம் அதே கோட்டைத்தான் கீறியிருக்கிறது.

புத்தூரில் வசிப்பவர் பொருளைச் சென்னையிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் அதிகமாகவே இழுக்கிறது. ஆகவே முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்து, 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் பார்ப்பது நல்லது. 'கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்' என்று தட்டிக் கழித்தால், கடை, கம்பெனி இரண்டின் மீதும் முறையிடலாம். குறை தெரிந்த பின்பும் பொருளைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதைத் தவிருங்கள். அதைச் சம்மதமாகக் கொள்ளும் ஃபிக்ஹு நூல்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் அதையேதான் சொல்வார்.

கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பலகையைக் கழற்ற மனமில்லையென்றால், வாசகத்தையாவது மாற்றி எழுதுங்கள்: 'பழுதான பொருள் 30 நாட்களுக்குள் மாற்றித் தரப்படும், மற்றவை கடையின் விருப்பம்.'