ரோன் நதித் துறையில் ஒரு தொன்னகர்



பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில், ரோன் நதி இரு கிளைகளாகப் பிரியும் இடத்தருகே ஆர்ல் என்னும் ஊர் இருக்கிறது. மத்தியதரைக் கடல் அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் பண்டைக் காலத்தில் அது பெருந்துறையாகவே வாழ்ந்தது. கடற்கலங்களில் வந்த எண்ணெயும் மதுவும் அங்கே ஆற்றுப் படகுகளுக்கு மாறி வடக்கே சென்றன.

நதி அவ்வூருக்கு அன்னையாக மட்டும் இருக்கவில்லை. வண்டலைக் குவித்துத் தன் முகத்துவாரத்தைத் தானே அடைத்துக்கொண்டது. கி. மு. 104-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமானியத் தளபதி மாரியஸ், போர் தொடங்கும்வரை தம் வீரர்களைச் சும்மா இருக்க விடாது, கடலுக்கு ஒரு கால்வாய் வெட்டச் செய்தார்.

கி. மு. 49-ல் அண்டை நகரான மஸ்ஸிலியா, அதாவது இன்றைய மார்சேல், ஜூலியஸ் சீஸருக்கு எதிராக நின்றது. மரம் வெட்டிய நாளிலிருந்து முப்பதே நாட்களில் ஆர்ல் நகரில் பன்னிரண்டு போர்க்கப்பல்கள் கட்டப்பட்டன. மஸ்ஸிலியா வீழ்ந்தது, அதன் நிலங்களில் பெரும்பகுதி ஆர்லுக்குக் கிடைத்தது. கி. மு. 46-ல் சீஸரின் முதுபடைவீரர்கள் அங்கே குடியேறினர்.

இந்தப் பாடத்தை நான் பெருமிதத்தோடு நடத்துவது வழக்கம். ஒரு நாள் ஒரு மாணவன் எழுந்து, "கப்பல் கட்டினவர்கள் யார், ஐயா?" என்று கேட்டான். சீஸர் எழுதிய நூலில் அத்தச்சர்களின் பெயர் இல்லை. அதைக்கூடச் சொல்லாமல், அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

பின்னர் எழுந்த வட்ட அரங்கில் சுமார் இருபதாயிரம் பேர் அமர்ந்து காட்சிகள் கண்டனர். ரோமானிய ஆட்சி சாய்ந்தபின் மக்கள் அதனையே கோட்டையாக்கி, உள்ளே இருநூறு வீடுகளும் இரண்டு சிறு தேவாலயங்களும் கட்டி வாழ்ந்தனர்! பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வீடுகள் அகற்றப்பட்டன. பழமையை மீட்டார்கள் என்பர். எனக்கென்னவோ அந்த வீடுகளும் சரித்திரமே. 1840-களின் இறுதியில் ரயில் வந்தது. படகு வாணிகம் நலிந்தது.

அம்மாணவனின் கேள்வி 2004-ஆம் ஆண்டில் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஆற்றின் அடியில், துறைத் தொழிலாளர் எறிந்த உடைந்த சாடிகளின் கீழே, கி. பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சரக்குப் படகு கண்டெடுக்கப்பட்டது. நீளம் 31 மீட்டர், அடிப்பாகம் தட்டை. கட்டடக் கற்களோடு, வெள்ளத்தில் அது மூழ்கியிருக்கலாம் என்று கருதுகின்றனர். சேறு மூடியதால் மரம் கெடவில்லை. 2011-ல் அதனைப் பகுதி பகுதியாக அறுத்து மேலே எடுத்தனர். 2013 முதல் அவ்வூர் அருங்காட்சியகத்தில் முழு உருவில் வைத்திருக்கின்றனர்.

அதன் முன்பக்கத்தில் ஒரு குட்டையான மரம் நிற்கிறது. பாய் கட்டுவதற்கு அன்று, கயிறு கட்டுவதற்கு. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது, ஆட்கள் கரையோரம் நடந்து அக்கயிற்றைத் தோளில் இழுத்தனர். மரப் பலகைகளின் இணைப்பில் யாரோ ஒரு வெள்ளிக்காசைச் செருகி வைத்திருந்தார்; பயணம் நலமாக அமையவேண்டும் என்ற வேண்டுதலாக இருக்கலாம். பின்பக்கத்தில், ஒரு பெரிய மண்சாடியின் பாகத்தையே அடுப்பாக்கிச் சமைத்திருக்கின்றனர். அவர்கள் மூட்டிய நெருப்பின் கரித்துண்டுகள் அங்கேயே கிடந்தன.