கல்மரத்தின் முன் ஒரு கேள்வி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நேயர்கள் கேட்டுக்கொண்டதால் நம் பங்கு மடலில் வெளியிடுகிறோம்.)



துறையூரில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "ஃபாதர், ஒரு சந்தேகம். கேட்டா திட்டமாட்டீங்களே?" என்றாள். "கேளும்மா" என்றேன்.

அவளுடைய பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. அது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று ஆசிரியர் விளக்கியிருக்கிறார். அதே வாரத்தில் அத்தையோடு ஒரு வீட்டு செபக் கூட்டத்துக்கும் போயிருக்கிறாள். அங்கே பேசியவர், உலகம் உண்டாகி ஆறாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன, அதற்கு மேல் சொல்வதெல்லாம் சாத்தானின் பொய், வேதத்தில் ஒரு வரியைச் சந்தேகித்தாலும் கடவுளையே மறுதலித்ததாகும் என்றாராம்.

"நான் அந்த மரத்தைத் தொட்டுப் பாத்தேன் ஃபாதர். இப்ப நான் எதை நம்பணும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. குருவாகிய புதிதில் இதே போன்ற ஒரு கேள்வியைக் கேட்ட ஒரு பையனிடம், "இதையெல்லாம் கேட்கக் கூடாது, நம்பு" என்று சொல்லி அனுப்பியவன் நான். அவன் அதற்குப் பிறகு மறைக்கல்வி வகுப்புக்கு வரவே இல்லை. அந்தப் பெண்ணை அமர வைத்து நான் பேசியதை இன்று உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். பாடாலூருக்கு அருகே ஊட்டத்தூர் இருக்கிறது. அந்தச் சிற்றூரின் பெயர் உலகெங்கும் உள்ள நிலவியல் நூல்களில் உண்டு. ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் நம் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து, 1862இல் வெளியான தம் ஏட்டில் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. அவற்றுக்குள் கிளிஞ்சல்களும், நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. திருவரங்கத்து வைணவ அன்பர்கள் போற்றும் சாளக்கிராமமும் இவ்வகை உயிரி பதிந்த கல்தான். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்றது. நம் வீட்டுச் சுவரிலும் கோவில் சுவரிலும் அந்தப் பழைய கடலில் ஒரு துளி இருக்கிறது.

"அது நோவா காலத்து வெள்ளம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒரே வெள்ளம் வந்து போனால் எல்லாம் கலந்து குவிந்து கிடக்கும். இங்கே ஒவ்வோர் அடுக்கிலும் அதற்குரிய உயிரினங்கள் வரிசையாக இருக்கின்றன. டால்மியாபுரத்தில் பவளப்பாறையாக வளர்ந்து இறுகிய சுண்ணாம்புக்கல் உண்டு. பவளம் இருந்த இடத்திலேயே சிறுகச் சிறுக வளர்வது. ஓராண்டு வெள்ளத்தில் அது உருவாக முடியாது. கல் பொய் சொல்வதில்லை. கல்லைப் படைத்தவரும் பொய் சொல்பவர் அல்லர்.

அப்படியானால் அந்த ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? விவிலியத்தில் அப்படி ஓர் எண் எழுதப்படவில்லை. அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட நூலில், விவிலியத் தலைமுறைப் பட்டியல்களையும் அரசர்களின் ஆண்டுகளையும் கூட்டிக் கணக்கிட்டு, கி.மு. 4004 அக்டோபரில் உலகம் படைக்கப்பட்டது என்று முடிவுகட்டினார். அவர் காலத்துக்கு அது பெரிய அறிவு உழைப்பு. பின்னர் 1701 முதல் அந்த ஆண்டுகளை ஆங்கில விவிலியப் பக்கங்களின் ஓரத்தில் அச்சிட்டார்கள். ஓரத்தில் அச்சான மனிதக் கணக்கை நாளடைவில் மக்கள் இறைவார்த்தையாகவே வாசிக்கத் தொடங்கினார்கள்.

'அடிப்படைவாதம்' என்ற சொல்லும் பழையதல்ல. 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளை விளக்கும் சிறு நூல்வரிசை ஒன்று அச்சாகி இலவசமாகப் பரப்பப்பட்டது. அதிலிருந்தே 1920இல் இந்தப் பெயர் பிறந்தது. வியப்பு என்னவென்றால், அந்த நூல்களில் எழுதியவர்களிலேயே சிலர் உலகம் மிகப் பழையது என்பதை ஏற்றுக்கொண்டவர்கள். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, 1925இல், டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் பரிணாமத்தைக் கற்பித்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு 100 டாலர் அபராதம் பெற்றார். ஆறாயிரம் ஆண்டுக் கொள்கை இன்று நாம் கேட்கும் வடிவில் பெருமளவில் பரவியது 1961க்குப் பிறகுதான். அவ்வாண்டு அமெரிக்கர் இருவர் நோவா வெள்ளத்தைக் கொண்டே பாறைகள் அனைத்தையும் விளக்க முயன்று ஒரு நூல் எழுதினார்கள். ஆதித் திருச்சபையின் நம்பிக்கை என்று நம் வாசலுக்கு வருவது பல வேளைகளில் நம் தாத்தாவைவிட வயதில் இளையது.

அன்பார்ந்தவர்களே, இதைச் சொல்லிவிட்டு, "நாம் அப்படியல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை. கதிரவன் நின்றது என்று யோசுவா நூல் சொல்வதால், பூமி சுற்றுகிறது என்பது மறைநூலுக்கு எதிரானது என்று தீர்ப்பிட்டவர்கள் நம் திருச்சபையினர். 1633இல் 69 வயதுக் கலிலேயோவை முழந்தாளிடச் செய்து, தம் கருத்தை மறுத்துரைக்க வைத்தார்கள். 1642இல் இறக்கும்வரை அவர் வீட்டுக்காவலில் இருந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் அன்றைய இறையியலாளர்கள் தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 359 ஆண்டுகள் ஆயின.

இத்தனைக்கும் அவர்கள் கையில் புனித அகுஸ்தினாரின் நூல்கள் இருந்தன. தொடக்கநூலைப் பற்றி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அவர், வானையும் மண்ணையும் பற்றி அறிந்த ஒருவர் முன், கிறிஸ்தவர் ஒருவர் மறைநூலைக் காட்டி அறியாமையைப் பேசினால், அந்த அறிஞர் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை எப்படி நம்புவார் என்று வருந்தினார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கவலை அந்தப் பிளஸ் டூ மாணவியின் கண்ணில் எனக்குத் தெரிந்தது.

இந்தப் பாடத்தைத் திருச்சபை மீண்டும் கற்றது ஒருவருடைய கண்ணீரின் வழியாக. மரி ஜோசப் லக்ராஞ்ச் ஒரு தொமினிக்கன் சபைத் துறவி. 1890இல் எருசலேமில், முன்பு கசாப்புக் கூடமாக இருந்த இடத்தில் ஒரு விவிலியப் பள்ளியைத் தொடங்கினார். விவிலியம் பிறந்த மண்ணையும் அதன் மொழிகளையும் பண்டைய எழுத்து வகைகளையும் அறிந்தே அதை வாசிக்க வேண்டும் என்று கற்பித்தார். 1893இல் திருத்தந்தை 13ஆம் லியோ தம் சுற்றுமடலில், மறைநூல் ஆசிரியர்கள் இயற்கையின் உள்ளமைப்பைக் கற்பிக்க வரவில்லை, தம் காலத்து மக்கள் பேச்சிலேயே எழுதினார்கள் என்று அகுஸ்தினாரைச் சுட்டிச் சொல்லியிருந்தார். நாமும் இன்றுவரை 'சூரியன் உதிக்கிறது' என்றுதானே சொல்கிறோம்?

ஆனாலும் காலம் மாறியது, அச்சம் மிகுந்தது. லக்ராஞ்ச் தொடக்கநூலுக்கு எழுதிய விளக்கத்தை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1912இல் அவருடைய நூல்கள் குருமடங்களில் தடுக்கப்பட்டன. தாம் கட்டிய பள்ளியைவிட்டு அவர் வெளியேற நேர்ந்தது. அவர் கோபித்துக்கொண்டு திருச்சபையைவிட்டுப் போகவில்லை. தாம் கண்ட உண்மையை மறுக்கவும் இல்லை. மறு ஆண்டே திரும்பி வந்து, நான்கு நற்செய்திகளுக்கும் விளக்கவுரை எழுதி முடித்தார். 1938இல் காலமானார். ஐந்தே ஆண்டுகளில், 1943 செப்டம்பர் 30 அன்று, திருத்தந்தை 12ஆம் பயஸ், விவிலியத்தின் இலக்கிய வகைகளை ஆராய்வது விவிலிய அறிஞரின் கடமை என்றே சுற்றுமடல் எழுதினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதையே திருச்சபையின் போதனையாக உறுதிப்படுத்தியது. 1993இல் திருப்பீட விவிலிய ஆணையம், பலவகை விவிலிய வாசிப்பு முறைகளை எடைபோட்டு, அடிப்படைவாத வாசிப்பை ஆபத்தானது என்று கடுமையாக எச்சரித்தது. வாழ்வின் சிக்கல்களுக்கு உடனடிப் பதில் தேடுவோரை அது கவர்கிறது, ஆனால் சிந்திப்பதையே கைவிடச் சொல்கிறது என்பது அந்த ஏட்டின் கவலை.

இந்த இடத்தில் அந்தப் பெண் இன்னொன்று கேட்டாள். "அப்ப இயேசு உயிர்த்தெழுந்ததும் கதைதானா ஃபாதர்?"

இந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் நம்மில் பலர் முதல் கேள்வியையே அடைத்துவிடுகிறோம். அஞ்ச வேண்டியதில்லை. விவிலியம் ஒரே நூல் அல்ல, ஒரு நூலகம். அதில் பாடல் உண்டு, உவமை உண்டு, சட்டம் உண்டு, மடல் உண்டு, கண்டவர்களின் சாட்சியம் உண்டு. பாடலைப் பத்திரம்போல் வாசிப்பது பிழை. சாட்சியத்தைப் பாடல்போல் வாசிப்பதும் பிழை. தொடக்கநூலின் ஆறு நாள்கள், படைப்பு முழுவதும் கடவுளிடமிருந்து வந்தது, அது நல்லது, மனிதர் அவருடைய சாயல் என்று அறிக்கையிடுகின்றன. அது உலகின் பிறப்புச் சான்றிதழ் அல்ல. உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போதோ, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவரைக் கண்டவர்களை வரிசைப்படுத்தி, அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல. கேள்வியை அவர் வரவேற்கிறார்.

கேட்டவர்களில் முதன்மையானவர் நம் நாட்டின் திருத்தூதர் புனித தோமா. தழும்பைத் தொடாமல் நம்பமாட்டேன் என்றவர். மற்றச் சீடர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டு நாளும் தங்கள் நடுவே வைத்திருந்தார்கள். அதனால்தான் ஆண்டவர் மீண்டும் வந்தபோது தோமா அங்கே இருந்தார். ஆண்டவரும் சபிக்காமல் தம் காயங்களைக் காட்டினார். காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்றும் சொன்னார், மறக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னது தோமாவின் கேள்விக்குப் பதில் தந்த பிறகு. அந்தச் சந்தேகக்காரர்தான் நம் கரைக்கு வந்து, சென்னையில் நாம் இன்று பரங்கிமலை என்னும் குன்றில் உயிரைக் கொடுத்தார் என்பது நம் மரபு.

நம் திருச்சியிலேயே ஒரு சான்று உண்டு. இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ, தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தை நிறுவினார். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஏறி இறங்கிச் செடிகளைச் சேகரித்து, அவற்றை வகைப்படுத்திப் பெரும் தொகுதிகளாக நூல்கள் எழுதினார். காலையில் திருப்பலி, பகலில் ஓர் இலையின் நரம்பை எண்ணும் ஆய்வு. இரண்டிலும் அவர் தேடியது ஒரே உண்மையை.

அன்பார்ந்தவர்களே, சந்தேகம் எல்லாம் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. வாழ்க்கையை மாற்றிக்கொள்ள மனமின்றிச் சாக்குச் சொல்லும் சந்தேகமும் உண்டு. ஆனால் உண்மையை அறியக் கேட்கும் கேள்வியை நாம் பாவம் என்று சொல்லும்போது, பிள்ளைக்கு இரண்டே வழிகளை விடுகிறோம். ஒன்று, அறிவைக் கழற்றிக் கோவில் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருவது. மற்றொன்று, அறிவோடு வெளியே போய்விடுவது. நான் முன்பு இழந்த பையன் இரண்டாம் வழியில் போனான். தவறு அவனுடையதல்ல.

வேறு சபைகளுக்குப் போகும் உறவினரோடு சண்டை பிடியுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்த அத்தையின் செபத்தில் உண்மையான அன்பு இருக்கிறது. விவிலியத்தைக் கையிலெடுத்து வாசிக்கும் பழக்கத்தில் அவர்கள் நமக்கு முன்னோடிகள். அதை நாம் கற்றுக்கொள்வோம். நம் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் 1995இல் வெளிவந்தது, கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உழைத்த பயன் அது. அதில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரை உண்டு. இந்த வாரம் குடும்பமாக அமர்ந்து தொடக்கநூலின் முன்னுரையையும் முதல் அதிகாரத்தையும் வாசியுங்கள். பிள்ளைகள் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியல, ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் விசுவாசம் குறைந்துவிடாது.

புறப்படும்போது அந்தப் பெண், "அப்ப நான் அந்த மரத்தையும் நம்பலாம், கடவுளையும் நம்பலாமா ஃபாதர்?" என்றாள்.

"அந்த மரத்தை 10 கோடி வருஷமா பத்திரமா வச்சிருந்து உனக்குக் காட்டினவரே அவர்தாம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். இன்னொரு கேள்வியோடு.

உண்மைக்கு அஞ்சாத விசுவாசத்தை இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.