இடுப்புத் தழும்புக்கும் ஒரு வரலாறு உண்டு

தோல் புற்றுநோய் என்றதும் "அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது" என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். பாதி உண்மைதான். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. மீதிப் பாதி நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரி என்று ஒன்று வைத்திருப்பார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கரி நெருப்பு. அதை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டே நடமாடுவார்கள். வருடக்கணக்கில் சூடுபட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை 1866-லேயே எல்ம்ஸ்லி என்ற மிஷன் டாக்டர் எழுதி வைத்தார்.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 1945-ல் பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் கனோல்கர், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் தோல் புற்றைப் பற்றி எழுதினார். பிறகு சேலை கட்டும் பெண்களிடமும், குறிப்பாக உள்பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், அதே நோய் பதிவாயிற்று. ஒரே இடத்தில் நாடா உரசும், வியர்வை ஊறும், தோல் கறுத்துத் தடிக்கும், அரிக்கும், புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். இப்படியே பல வருடம் போனால் அபூர்வமாகச் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. பழைய தீக்காயத் தழும்பும் சில சமயம் இப்படித் திரும்புவதுண்டு. கறுத்த இடுப்பு எல்லாம் புற்று என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆறாத புண்தான் விஷயம்.

நம் பெண்கள் இதை யாரிடமும் காட்ட மாட்டார்கள். இடம் அப்படி. களிம்பு, மஞ்சள், தேங்காயெண்ணெய் என்று மாதங்கள் ஓடிவிடும்.

நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் பிறந்ததுதான் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவர் ஊர்க்காரர்களாகிய நாம் அடையாறு வரை போகும் நிலைக்கு விடுவானேன்?

உங்கள் குடும்ப டாக்டரிடம் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ போகும்போது அந்த இடத்தையும் காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் முடிச்சு, வடிவமோ நிறமோ மாறும் மச்சம் ஆகியவற்றைத் தவறாமல் காட்ட வேண்டும். உள்ளங்காலையும் நகத்தடியையும் மறக்காதீர்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற கடுமையான வகை வந்தால், பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்புவார். முள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னால் கேட்காதீர்கள். ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலான தோல் புற்றுகள் குணமாகிவிடும்.

நாடாவுக்குப் பதில் அகலப் பட்டை வைத்த பாவாடையைத் தைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே இடத்தில் இறுக்காமல் சற்று ஏற்றியோ இறக்கியோ கட்டுங்கள். வேட்டி கட்டும் நமக்கும் இதே கணக்குதான்.